கிளின்ரனுக்குப் போட்ட மண்

அருளப்பு அண்ணையைப் போல ஒரு மீன் வியாபாரியை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஊர்காவற்றுறைத் துறைமுகத்தடியில், விடியக் கொண்டுவந்த மீனைப் பரப்பி வைத்திருப்பார். வாங்க வந்த பெண் குனிந்து ஒரு மீனைத் தொட்டால் போதும், "அது நேற்றையான் பிள்ளை, இதை எடும்" என்று தானே சொல்லி, அவள் தொட்டதை எடுத்துப் பின்னால் போட்டுவிடுவார். பக்கத்தில் விற்பவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். "உம்மடை வியாபாரத்தைக் கெடுக்கிறது போதாதெண்டு எங்கடையையும் கெடுக்கிறீர்" என்று ஒருவர் சண்டைக்கே வந்திருக்கிறார். அருளப்பு அண்ணை அடுத்த மீனை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

என் கடை அந்தத் துறைமுகத்துக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. என் பெயர் தம்பையா. போட்டோப் பிரதி எடுப்பேன், படிவம் நிரப்புவேன், வெளிநாட்டுக்குப் பொதி அனுப்புவேன். நான் அனலைதீவுச் சைவக்காரன், அவர் நாரந்தனைக் கத்தோலிக்கர். பழக்கம் முப்பது வருடத்துக்கு மேல். எனக்குக் கோபம் அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய்யில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பதினாலு வயதில் தகப்பனோடு கடலுக்கு இறங்கியவர் அருளப்பு அண்ணை. இப்போது அறுபத்தாறு. இடையில், தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் தீவே காலியானபோது, யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் குடும்பத்தோடு கிடந்தார். திரும்பி வந்து பார்த்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, கரையில் வள்ளமும் இல்லை. இதையெல்லாம் அவர் கதையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டால், "எல்லாருக்கும் நடந்ததுதானே" என்பார்.

ஒன்று மட்டும் நான் கண்ணால் கண்டது. அவர் திரும்பி வந்த புதிதில் ஒரு பிரேதம் கரை ஒதுங்கியது. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போன பிறகு அடக்கம் செய்ய ஒருவரும் முன்வரவில்லை. இவர்தான் சேமக்காலை என்கிற அவர்களுடைய கல்லறை நிலத்தின் ஓரத்தில் தனியாகக் குழி வெட்டினார். நான் வேடிக்கை பார்க்கப் போனவன். இறக்கிய பிறகு என்னைக் கூப்பிட்டு, "தம்பையா, நீரும் ஒரு பிடி போடும். ஒருத்தன் மட்டும் போட்டால் பாவம்" என்றார். போட்டேன். அவர்களுடைய வழக்கத்தில், குழிக்குள் இறக்கியதும் வந்தவர்கள் எல்லோரும் கையால் மண் அள்ளிப் போட வேண்டும். அது விழுந்த பிறகுதான் செத்தவர் செத்தவர். அதுவரை அவர் வீட்டு ஆள்.

பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் றஞ்சனி கலியாணம் முடித்து ரொறன்ரோவில் இருக்கிறாள். ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. இளையவன் கிளின்ரன். அவனுக்கு வலையின் மணமே ஆகாது. தகப்பனோடு கடலுக்குப் போகமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்று, கொழும்பில் ஹோட்டல் வேலை படித்து, கடைசியில் ஓர் உல்லாசப் பயணக் கப்பலில் வேலைக்கு ஏறினான். "கடல் வேண்டாம் எண்டவன் இப்ப கடலிலயே குடியிருக்கப் போறான்" என்று நான் பகிடி விட்டேன். எல்லோரும் சிரித்தோம். அந்தப் பகிடியை நினைத்தால் இப்போது என் நாக்கைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருக்கிறது.

அவனுடைய கப்பல் கோடை மாதங்களில் அலாஸ்காவுக்குப் போகும். பனியாறுகளையும் காட்டு மிருகங்களையும் பார்ப்பதற்கு உலகத்துப் பணக்காரர் எல்லாம் ஏறுவார்களாம். அவன் அங்கிருந்து வீடியோ எடுத்து என் கடைக்கு அனுப்புவான். தகப்பனுடைய கைபேசி பழசு, படம் ஓடாது. நான் கணினியில் போட்டுக் காட்டுவேன். நீல மதில் போல நிற்கிற பனி, அது வெடித்துத் தண்ணீரில் விழுகிற சத்தம், வாலை நிமிர்த்திவிட்டு உள்ளே போகிற திமிங்கிலம், மல்லாந்து மிதந்துகொண்டு நண்டு தின்கிற நீர்நாய். அருளப்பு அண்ணை இதையெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பிடித்தது கரடிதான். ஆற்றுக்கு நடுவில் அசையாமல் நின்று, துள்ளி வந்த மீனை வாயால் கவ்விய கரடியைப் பார்த்து, "உவர் தொழில் தெரிஞ்ச ஆள்" என்றார். "வலையும் இல்லை, வள்ளமும் இல்லை. நிக்கிற நிலையைப் பாரும்." மூன்று தரம் திருப்பிப் போடச் சொன்னார்.

போன வருடம் யூலையில் ஒரு பின்னேரம், அந்தப் பனியாற்று விரிகுடாவை விட்டுக் கப்பல் வெளியே வருகிற நேரம், கீழ்த்தட்டில் வேலை செய்துகொண்டிருந்த கிளின்ரன் கடலில் விழுந்துவிட்டான். எப்படி விழுந்தான் என்று கண்டவர்கள் இல்லை. இரண்டு நாள் தேடினார்கள். அந்தக் குளிர்த் தண்ணீரில் ஒருவன் அதிக நேரம் தாங்கமாட்டானாம். உடல் கிடைக்கவில்லை. விழுந்த இடத்துக்கு ஒரு வரைபடத்தில் புள்ளி போட்டு, அனுதாபக் கடிதத்தோடு கம்பனி அனுப்பியது. கடிதத்தைத் தமிழில் வாசித்துச் சொன்னவன் நான். நடுவில் இரண்டு இடத்தில் என்னால் ஏலாமல் போய் நிறுத்தினேன். அவர் பொறுமையாக இருந்து, "மிச்சத்தையும் வாசியும்" என்றார்.

முப்பத்தோராம் நாள் திருப்பலி நடந்தது. வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். ஆனால் அந்த வீட்டில் எதுவும் முடியவில்லை. அவருடைய மனைவி ஜசிந்தா அக்கா பொழுதுபட்டதும் செபமாலை சொல்லி, கடைசியில் முதலில் தொழிலுக்குப் போய்க் கடலில் நிற்பவர்களுக்காகவும் பிறகு மரித்தவர்களுக்காகவும் வேண்டுவார். கிளின்ரனின் பெயரை அவர் கடலில் நிற்பவர்களோடு சேர்த்துத்தான் சொன்னார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு வருடம். பங்குச் சுவாமியார் வீட்டுக்கு வந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "மண் போடேல்லையே சுவாமி" என்ற ஒரு சொல்லைத் தவிர அக்காவிடம் வேறு பதில் இல்லை. அழவும் இல்லை. அழாமல் இருந்ததுதான் எங்களுக்குப் பயம். ஒருமுறை என் கடைக்கு வந்தபோது சொன்னார்: "படலை கிறீச்சிட்டால் அவனோ எண்டு எழும்பிறன் தம்பி. மண் போட்டிருந்தால் எழும்பமாட்டன். இந்த எண்ணம் என்னைத் தின்னுது."

அருளப்பு அண்ணை அந்த இடத்துக்குத் தானே போக வேண்டும் என்று அமெரிக்க விசாவுக்கு இரண்டு முறை கொழும்புக்குப் போனார். இரண்டு முறையும் இல்லை என்றுவிட்டார்கள். நாரந்தனையில் மீன்பிடிக்கிற கிழவர் அலாஸ்காவுக்குச் சுற்றுலா போகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? உண்மைக் காரணத்தைச் சொன்னால் அதைவிட நம்பமாட்டார்கள் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். அவர் போய் உண்மைக் காரணத்தைத்தான் சொன்னார்.

இந்த வருடம் யூலை கடைசியில் ஒரு நாள் காலை, றஞ்சனி என் கணினியில் வீடியோவில் வந்தாள். எதிர்பாராமல் லீவு கிடைத்துவிட்டது. பன்னிரண்டு நாளில் வன்கூவரில் இருந்து ஒரு கப்பல் புறப்படுகிறது, அதே விரிகுடாவுக்கு. விற்காமல் மிஞ்சிய அறைகளைக் கடைசி நேரத்தில் மலிவாக விடுகிறார்கள்.

"அப்பாவை உடனை கூட்டிக்கொண்டு வாங்கோ மாமா. இப்ப எடுக்காட்டி போயிடும்."

ஓடிப்போய், செதில் ஒட்டிய கையோடு அவரை இழுத்து வந்தேன். கதிரையின் நுனியில் இருந்தார்.

"ஜன்னல் இல்லாத அறை எண்டால் நல்ல மலிவு அப்பா. நான் மேல்தட்டில போய் நிண்டு பூப் போடுவன்."

"பூவோ? பூவை ஆரும் போடலாம் பிள்ளை. மண் போடோணும். எங்கட சேமக்காலை மண். நான் அனுப்புறன். ஆக்களுக்கு நடுவில நிண்டு போடாமல், கடலைப் பாத்த அறையா எடு."

றஞ்சனி குனிந்து அறைப் பட்டியலை மறுபடி பார்த்தாள். பிறகு, "சரி அப்பா" என்றாள்.

பால்கனி உள்ள அறைகள் இரண்டுதான் மிச்சம். ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். அதன் பிறகு அவர் கேட்ட கேள்விகளை எந்த உல்லாசப் பயணியும் கேட்டிருக்கமாட்டான். கப்பல் வெளியே வரும்போது கரை எந்தப் பக்கம்? காற்று எந்தப் பக்கத்தால் அடிக்கும்? கம்பனி அனுப்பிய படத்தை மேசையில் போட்டு, என் அழிறப்பரைக் கப்பலாக்கி, புள்ளியைத் தாண்டி நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். "இடப்பக்கத்தை எடு. மற்றப் பக்கத்தில காத்து மண்ணைத் திருப்பி உன்ரை முகத்தில அடிக்கும்." றஞ்சனி அழுதுகொண்டே சிரித்தாள். அறையை எடுத்தாள். சற்று நேரத்தில் உறுதிக் கடிதம் வந்தது. அதில் ஆணும் பெண்ணும் குளிர்பானம் குடித்துக்கொண்டு பனியைப் பார்க்கிற படம். அந்தப் படத்தைக் கிழிக்க வேண்டும் போல எனக்குக் கை துடித்தது. கணினியில் எதைக் கிழிப்பது?

இப்படியான சாமானை ஒருவரும் பொதியில் அனுப்புவதில்லை. ஊருக்கு வந்தவர்கள் திரும்பிப் போகும்போது கொடுத்துவிடுவதுதான் எங்கள் வழக்கம். வேலணையில் கனடாக் குடும்பம் ஒன்று வந்து நின்றது. ஆனால் அவர்கள் மடு மாதா திருவிழா பார்த்துவிட்டு செப்ரெம்பரில்தான் போகிறார்கள். கப்பல் அதுவரை நிற்காது. ஆகவே பொதிதான் என்று முடிவாயிற்று.

மறுநாள் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் மண் கொண்டுவந்தார். சிப்பித் தூள் கலந்த வெள்ளை மணல். அவரும் அக்காவும் சேமக்காலையில் நின்று, செபம் சொல்லி, ஆளுக்கு மூன்று பிடி அள்ளிப் போட்டதாம். "நாங்கள் போடுறதைப் பிள்ளை கொண்டுபோய்ச் சேர்க்கிறாள், அவ்வளவுதான்" என்றார். பொதிக்குள் என்ன என்று எழுதுகிற இடத்தில் நான் வழக்கம்போல அரிசிமா என்று எழுதப் போனேன். எங்கள் பக்கத்தில் இருந்து போகிற பொதிகளில் கருவாடும் அரிசிமாதான், கசாயமும் அரிசிமாதான். அவர் என் கையைப் பிடித்தார்.

"என்ன எழுதுறீர்?"

"அரிசிமா எண்டு. மண் எண்டு எழுதினால் விடாங்கள் அண்ணை."

"வேண்டாம் தம்பையா. என்ரை பிள்ளைக்குப் போற மண்ணுக்கு மேல பொய் எழுத வேண்டாம். மண் எண்டே எழுதும்."

"உது மீன் விக்கிற மாதிரி இல்லை. பிடிச்சுப்போடுவாங்கள், சொல்லிப்போட்டன்!"

கத்தினேன். கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. கடைசியில், சேமக்காலை மண் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. நான் அரிசிமா என்றே எழுதிவிட்டு, மண் என்று எழுதினேன் எனச் சொல்லியிருக்கலாம். ஏன் அப்படிச் செய்யவில்லை என்று இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

பொதி போன ஒன்பதாம் நாள் றஞ்சனி தனியாக என் கைபேசிக்கு எடுத்தாள். குரலே சரியில்லை. பொதியைக் கனடாவில் மறித்துவிட்டார்கள். வெளிநாட்டு மண்ணில் கிருமி இருக்குமென்று சட்டம் விடாதாம். சேமக்காலை மண், செத்துப்போன தம்பிக்குப் போட, என்று விளங்கப்படுத்திக் கெஞ்சியிருக்கிறாள். அழித்தாயிற்று என்று பதில் வந்ததாம்.

"அம்மா அப்பா கையால அள்ளினது மாமா. அதை எரிச்சுப்போட்டினம்."

நான் கைபேசியோடு கடைக்கு வெளியே வந்தேன்.

"நான் என்ரை வீட்டு வளவு மண்ணைக் கொண்டுபோறன். அப்பாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. அவர் அதைத் தாங்கமாட்டார்."

"சரி பிள்ளை" என்றேன்.

கப்பல் அந்தப் புள்ளியைக் கடக்கிறபோது அங்கே இரவு எட்டரை மணி. கோடை என்பதால் அந்நேரமும் அங்கே நல்ல வெளிச்சம். எங்களுக்கு அடுத்த நாள் காலை பத்து மணி. அருளப்பு அண்ணை கோயிலுக்குப் போகிறமாதிரி வெள்ளை வேட்டி சேட்டோடு வந்தார். ஜசிந்தா அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் வெண்படலம்; ஒன்றுக்கு ஒப்பறேசன் முடிந்தும் தெளியவில்லை. திரையில் அவருக்கு வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். நான் கடைக் கதவை அரைவாசி சாத்தினேன்.

தடித்த குளிரங்கியோடு றஞ்சனி பால்கனியில் நின்றாள். பின்னால் சாம்பல் நிறத் தண்ணீர். பனிக்கட்டிகள் மிதந்தன, ஒன்றின் மேல் கடல்நாய் ஒன்று நிம்மதியாகப் படுத்துக் கிடந்தது. தூரத்தில் அந்த நீல மதில். மேல்தட்டில் ஆட்கள் ஆரவாரம் செய்வது கேட்டது. திமிங்கிலமோ எதுவோ எழும்பியிருக்க வேண்டும். கப்பலில் இருந்து எதையும் கடலில் போடக்கூடாது என்று அறையில் எழுதி ஒட்டியிருக்கிறதாம். மூன்று பிடி மண்ணை யார் காணப்போகிறார்கள் என்று அவள் துணிந்துவிட்டாள்.

"தண்ணிக்கு எவ்வளவு உயரம் பிள்ளை?" என்று கேட்டார்.

"ஏழு மாடி அப்பா. தம்பி நிண்டது இவ்வளவு உயரத்தில இல்லை. கீழ."

அவர் தலையாட்டினார். மூவரும் பரலோக மந்திரம் சொன்னார்கள். நானும் எழும்பி நின்றேன். "இப்ப" என்றாள் றஞ்சனி. ஒரு கையால் கைபேசியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைக் கம்பிக்கு வெளியே நீட்டி விரித்தாள்.

கறுப்பு மண். ஈரமாக, கட்டிகட்டியாக, கன்னங்கரேல் என்ற மண். அதில் ஒரு புல்லின் வேர் கூடத் தெரிந்தது. காற்றில் பறக்கவும் இல்லை. பொத்தென்று கீழே போயிற்று. எனக்கு அவர் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. திரும்பினேன். திரைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது அவர் முகம். கண்டுவிட்டார். வாய் பாதி திறந்தபடி நின்றது. நாரந்தனை மண்ணில் ஐம்பது வருடமாக ஆட்களைப் புதைத்த மனிதருக்கு அந்த மண்ணின் நிறம் தெரியாதா?

றஞ்சனி இரண்டாம் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். "அப்பா?"

"போடு பிள்ளை" என்றார். "கையை நல்லா வெளியில நீட்டிப் போடு."

அவள் மூன்று பிடியும் போட்டாள். ஜசிந்தா அக்கா திரைப் பக்கம் முகத்தை நீட்டினார்.

"விழுந்திட்டுதோ?"

"விழுந்திட்டுது."

"எங்கட மண்தானே? நாங்கள் அள்ளிக் குடுத்தது?"

கணினிக்குள் றஞ்சனி மண் ஒட்டிய கையை அங்கிப் பைக்குள் மறைத்தாள். நான் மேசையைப் பார்த்தேன்.

"ஓம்" என்றார் அருளப்பு அண்ணை. "நாங்கள் அள்ளினதுதான்."

அதன் பிறகுதான் ஜசிந்தா அக்கா அழுதார். ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. "என்ரை ராசா, போயிட்டியேடா" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு, வீதியால் போனவர்கள் நின்று பார்க்குமளவுக்கு அழுதார். அங்கே றஞ்சனியும் குந்தியிருந்து அழுதாள். நெடுநேரம் கழித்து அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, "இண்டைக்குச் செபத்தில அவனை மரிச்ச ஆக்களோட சேர்ப்பம்" என்றார். குரல் தெளிவாக இருந்தது. நான் அவருக்குத் தேத்தண்ணி வாங்கி வந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்து முழுவதையும் குடித்தார்.

அருளப்பு அண்ணை எழும்பி வெளியே போனார். நானும் பின்னால் போனேன். வாசலில் துறைமுகத்தைப் பார்த்தபடி நின்றார்.

"உமக்கு முதலே தெரியும், என்ன?"

"ஓம் அண்ணை. மறிச்சு எரிச்சுப்போட்டாங்கள். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

எரிச்சுப்போட்டாங்கள் என்ற சொல்லுக்குக் கண்ணை இறுக மூடினார். பிறகு திறந்தார்.

"நான் கண்டது றஞ்சனிக்குத் தெரிய வேண்டாம். அவ்வளவு தூரம் போன பிள்ளை."

"சொல்லமாட்டன்."

"ஜசிந்தாவுக்கு முடிஞ்சுது. இனி நித்திரை கொள்ளுவாள்."

நான் கேட்டிருக்கக் கூடாது. என் வாய் சும்மா கிடக்காது, கேட்டுவிட்டேன். "உங்களுக்கு?"

அவர் தன் வலது கையைத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் இன்னும் போடேல்லைத் தம்பையா."

உள்ளே இருந்து ஜசிந்தா அக்கா, பஸ் சத்தம் கேட்கிறது என்று கூப்பிட்டார். அவர் போய் அக்காவின் கையைப் பிடித்து, படி பார்த்து இறக்கி, வீதிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.